ஒரு தீர்ப்பு போதாது: சண்டை விளையாட்டுகளில் நடுவரின் பக்கச்சார்பைப் புள்ளிவிபரத்தால் அறிவது எப்படி?

வன்னியில் ஒரு குத்துச்சண்டைப் போட்டியோ கராத்தேப் போட்டியோ முடிந்த மாலையில், வீடு திரும்பும் பேருந்துக்குள் ஒரு சொல் திரும்பத் திரும்பக் கேட்கும்: பக்கச்சார்பு. தோற்ற பிள்ளையின் தகப்பனார் அதைச் சொல்வார்; பயிற்றுநர் தலையாட்டுவார்; மறுநாள் சந்தித் தேநீர்க்கடையில் அது நிறுவப்பட்ட உண்மையாகவே பேசப்படும். வென்ற பிள்ளையின் ஊரிலோ அதே தீர்ப்பு நேர்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒரு சண்டையால் விடை சொல்ல முடியாத கேள்விக்கு, ஒரேயொரு சண்டையைப் பார்த்துவிட்டு இரு தரப்பும் விடை சொல்கின்றன.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் கணிதம் கற்பிக்கிறேன். சில போட்டிகளில் புள்ளி மேசையில் இருந்து நடுவர்களின் தாள்களைக் கூட்டிக் கொடுத்திருக்கிறேன். அப்படியொரு நாளில், என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவன் மூன்று சுற்றும் நின்று ஆடித் தோற்றபின், அவனுடைய தகப்பனார் மேசையருகே வந்து, “சேர், நீங்கள் கணக்குப் படிப்பிக்கிறனீங்கள்தானே, இது அநியாயமெண்டு கணக்கில காட்டேலாதோ?” என்று கேட்டார். அந்தக் கேள்வி எவ்வளவு ஆழமானது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவருக்கு நின்று விளக்க அன்று நேரம் இருக்கவில்லை. இந்தக் கட்டுரை அவருக்கும், அவரைப் போல நேர்மையான கோபத்தோடு மைதானத்தை விட்டுப் போகும் எல்லோருக்குமாக எழுதப்படுகிறது.

ஆடும் முள்ளும் சாய்ந்த முள்ளும்

நெல் விற்பவர்களுக்குத் தராசைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலபோக அறுவடை முடிந்து மூடைகளை நிறுக்கும்போது இரண்டு வகையான பழுதுகளைச் சந்திக்கலாம். முதலாவது வகைத் தராசில் முள் நிலைகொள்ளாமல் ஆடும். ஒரே மூடையை மூன்று தரம் வைத்தால் ஒரு தரம் ஒரு கிலோ கூட்டிக் காட்டும், இன்னொரு தரம் ஒரு கிலோ குறைத்துக் காட்டும். இரண்டாவது வகையில் முள் ஆடாமல் உறுதியாக நிற்கும். ஆனால் எந்த மூடையை வைத்தாலும் இரண்டு கிலோவைக் குறைத்தே காட்டும். முதலாவது தராசில் ஒரு மூடையில் இழந்ததைப் பெரும்பாலும் இன்னொரு மூடையில் பெற்றுவிடுவோம். இரண்டாவது தராசில் நூறு மூடைக்கு இருநூறு கிலோ போய்விடும், போன எதுவும் திரும்பி வராது.

நடுவரின் கணிப்பிலும் இதே இரண்டு வழுக்கள் உண்டு. இரு திசையிலும் மாறிமாறி விழும் வழுவைத் தளம்பல் என்று சொல்வோம். ஒரே திசையில் மீண்டும் மீண்டும் விழும் வழுவே பக்கச்சார்பு. இந்த வரைவிலக்கணத்தில் கெட்ட எண்ணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வில் தளர்ந்த தராசு யாரையும் ஏமாற்ற நினைத்துக் குறைத்துக் காட்டுவதில்லை. நடுவர் ஒருவரும் தான் சாய்கிறேன் என்பதை அறியாமலே, முழு மனச்சாட்சியோடு, ஒரு பக்கம் சாயலாம். நமது பேச்சில் பக்கச்சார்பு என்ற சொல் எப்போதும் களவு என்ற பொருளோடு ஒட்டிக்கொண்டு வருவதால்தான், நடுவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் அவமானப்பட்டுப் பேச்சையே முறித்துக்கொள்கிறார்கள். இரண்டையும் பிரித்தால்தான் அவர்களோடு உட்கார்ந்து பேச முடியும்.

ஒரு மூடையை ஒரே தரம் நிறுத்துப் பார்த்துவிட்டு, எடை குறைந்ததற்குக் காரணம் ஆடும் முள்ளா சாய்ந்த முள்ளா என்று யாராலும் சொல்ல முடியாது. பல தரம் நிறுத்தால் சொல்லலாம். இனி வரும் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே வளர்கிறது.

நேர்மையான ஐவர் எவ்வளவு தூரம் முரண்படலாம்?

குத்துச்சண்டையில் மேடைக்குள் நின்று சண்டையை நடத்துபவரை இங்கே மத்தியஸ்தர் என்றும், மேடைக்கு வெளியே இருந்து புள்ளி இடுவோரை நடுவர்கள் என்றும் குறிப்பிடுகிறேன். தொழில்முறைச் சண்டைகளில் பொதுவாக மூன்று நடுவர்களும், ஒலிம்பிக் முறைச் சண்டைகளில் ஐந்து நடுவர்களும் இருப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் மேலோங்கியவருக்கு 10 புள்ளி. மற்றவருக்குப் பெரும்பாலும் 9, வீழ்த்தப்பட்டாலோ பெரிதும் அடிவாங்கினாலோ 8. இதுவே பத்துப்புள்ளி முறை. ஒரு மயிரிழையில் வென்ற சுற்றுக்கும் தெளிவாக வென்ற சுற்றுக்கும் ஒரே 10-9 தான் கிடைக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எல்லோரையும் கோபப்படுத்தும் ஒரு காட்சியை எடுப்போம். மூன்று சுற்றுச் சண்டை ஒன்றில், ஒரு நடுவர் சிவப்பு மூலைக்கு 30-27 என்று எழுதுகிறார். அவருக்கு எதிர்ப்பக்கம் இருந்தவர் நீல மூலைக்கு 30-27 என்று எழுதுகிறார். ஒருவர் மூன்று சுற்றையும் ஒருவருக்கும், மற்றவர் மூன்று சுற்றையும் மற்றவருக்கும் கொடுத்துவிட்டார். இருவரில் ஒருவராவது பொய்யராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறதல்லவா?

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு நிகழ்ச்சி நடப்பதற்கான வாய்ப்பை எண்ணால் சொல்வது நிகழ்தகவு. காசைச் சுண்டினால் தலை விழும் நிகழ்தகவு இரண்டில் ஒன்று. இரு வீரர்களும் மூன்று சுற்றிலும் உண்மையிலேயே சமமாக ஆடினார்கள் என்றும், ஒவ்வொரு நடுவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் தன் கண்ணை மட்டும் நம்பி எழுதினார் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு சுற்றும் காசு சுண்டுவது போன்றது. ஒரு நடுவர் மூன்று சுற்றையும் சிவப்புக்கே எழுதும் நிகழ்தகவு எட்டில் ஒன்று, நீலத்துக்கே எழுதுவதும் எட்டில் ஒன்று. ஐந்து நடுவர்களில் குறைந்தது ஒருவர் சிவப்புக்கு 30-27, குறைந்தது ஒருவர் நீலத்துக்கு 30-27 என்று எழுதும் நிகழ்தகவைக் கணித்தால் ஏறத்தாழ 21 சதவீதம் வருகிறது. அதாவது, முற்றிலும் சமமான சண்டைகளில், நேர்மையான ஐந்து நடுவர்களுக்கிடையே, ஐந்து சண்டைக்கு ஒரு தடவை இந்த ‘அநியாயம்’ தானாகவே நிகழும். இந்த எண்ணை முதன்முதலாகக் கணித்தபோது நானே நம்பாமல் திரும்பவும் போட்டுப் பார்த்தேன்.

உலக அளவில் பேசப்பட்ட ஒரு தாளையும் இதே வெளிச்சத்தில் பார்க்கலாம். 2017 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் கனேலோ அல்வாரெஸும் கெனாடி கொலோவ்கினும் மோதிய பன்னிரண்டு சுற்றுச் சண்டையில் ஒரு நடுவர் 115-113 என்று கொலோவ்கினுக்கும், ஒருவர் 114-114 என்று சமமாகவும், மூன்றாமவர் 118-110 என்று அல்வாரெஸுக்கும் எழுதினார். கடைசித் தாள் பெருங்கண்டனத்துக்கு உள்ளானது. அந்தத் தாள் சரியானது என்று நான் வாதாடவில்லை. ஆயினும் பன்னிரண்டு சுற்றும் காசு சுண்டியது போலவே சமமாக இருந்தாலும், மூன்று நடுவர்களில் யாராவது ஒருவர் பத்துச் சுற்றோ அதற்கு மேலோ ஒருவருக்கே கொடுத்துவிடும் நிகழ்தகவு ஏறத்தாழ 11 சதவீதம். ஒரு தாள் நம் புருவத்தை உயர்த்தலாம். தனியே நின்று சாட்சி சொல்ல அதற்கு வலுவில்லை.

சுருக்கமாக: நடுவர்கள் முரண்படுவது பக்கச்சார்புக்கு அடையாளமல்ல. நெருக்கமான சண்டையில் முரண்படாமல் இருந்தால்தான், அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து எழுதுகிறார்களோ என்று ஐயப்பட வேண்டும்.

பத்து தரமும் நூறு தரமும்

ஒரு நாள் பெய்த மழையைக் கொண்டு அந்த வருடத்து மாரியை மதிப்பிட முடியாது. இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் பல மழைகளைக் கூட்டிச் சொல்கிறது. புள்ளிவிபரம் செய்வதும் அதுவே. ஆராய்வதற்கென்று எடுத்துக்கொண்ட சண்டைகளின் தொகுதியை மாதிரி என்பர். மாதிரி பெரிதாகப் பெரிதாகத் தளம்பல் தன்னைத்தானே தின்று ஒழிய, சாய்வு இருந்தால் அது மட்டும் எஞ்சி நிற்கும்.

காசு ஒன்றைப் பத்துத் தரம் சுண்டி ஏழு தரமோ அதற்கு மேலோ தலை விழுந்தால் காசில் பிழை என்று சொல்வீர்களா? நேர்மையான காசிலும் அது 17 சதவீதம் நடக்கும். ஆறு தடவைக்கு ஒரு தடவை. அதே காசை நூறு தரம் சுண்டி எழுபது தரமோ அதற்கு மேலோ தலை விழுந்தால்? நேர்மையான காசில் அது ஒரு இலட்சத்தில் நான்கு தடவைதான் நடக்கும். விகிதம் இரண்டிலும் ஒன்றே, பத்தில் ஏழு. சாட்சியத்தின் கனமோ வானமும் பூமியும்.

இந்தத் தர்க்கத்துக்கு ஒரு பெயர் உண்டு. முதலில் “சாய்வே இல்லை” என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறோம். இந்தத் தொடக்க அனுமானம் சூனியக் கருதுகோள் எனப்படும். குற்றம் காட்டப்படும்வரை எதிராளியைச் சுற்றவாளியாகக் கொள்ளும் நீதிமன்றம் போன்றது இது. பிறகு, சாய்வே இல்லாத உலகத்தில் நாம் கண்ட முடிவோ அதைவிடக் கடுமையான முடிவோ எவ்வளவு அடிக்கடி நிகழும் என்று கணக்கிடுகிறோம். நூற்றில் ஐந்துக்கும் குறைவாகத்தான் நிகழும் என்றால், அனுமானத்தைச் சந்தேகிக்க இடமுண்டு என்று கொள்வது ஆய்வாளர்களின் வழக்கம். அந்த ஐந்து என்ற எல்லையில் புனிதம் ஒன்றும் இல்லை. அது ஒரு வழக்கம் மட்டுமே.

இதிலிருந்து நமக்கு நேரடியாகப் பயன்படும் எண்கள் கிடைக்கின்றன. ஒரு மூலைக்கு வெற்றி வாய்ப்பு 50 சதவீதமாக இருக்க வேண்டிய இடத்தில் உண்மையில் 60 சதவீதமாக இருக்கிறது என்றால், அதை ஐந்தில் நான்கு பங்கு வாய்ப்போடு பிடிப்பதற்கு ஏறத்தாழ 190 சண்டைகள் வேண்டும். 55 சதவீதமாக மட்டுமே இருந்தால் ஏறத்தாழ 780 சண்டைகள் வேண்டும். நாற்பது சண்டை கொண்ட ஒரு மாவட்டப் போட்டியை வைத்து “இந்த முறை எல்லாம் அவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள்” என்று சொல்வதில் கணக்கின் துணை இல்லை என்பது இப்போது விளங்கும். அந்தப் போட்டியில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்லவும் அதே கணக்கில் இடமில்லை.

படிக்கல் எங்கே இருக்கிறது?

இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. காசுக்கு நேர்மையான விடை இரண்டில் ஒன்று என்று முன்கூட்டியே தெரியும். சண்டைக்கு? உள்ளூர் வீரர்கள் நூற்றுக்கு எழுபது சண்டைகளில் வென்றார்கள் என்று காட்டினால் மட்டும் அது நடுவர்களின் சாய்வாகிவிடாது. உள்ளூர் வீரர் நெடுந்தூரம் பயணம் செய்யவில்லை. தன் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுத் தன் பாயில் நித்திரை கொண்டு வந்திருக்கிறார். ஊரே அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. இவையெல்லாம் அவரை உண்மையாகவே நன்றாக ஆடவைக்கலாம். இதற்கு மேல், தொழில்முறைக் குத்துச்சண்டையில் உள்ளூர் நட்சத்திரத்துக்கு எளிய எதிராளியைத் தேடி இறக்கும் பழக்கமும் உண்டு. முடிவை ஒரு பக்கம் இழுக்கக்கூடிய, ஆனால் நாம் தேடும் காரணமல்லாத இத்தகைய விடயத்தைக் குழப்பும் காரணி என்று சொல்வார்கள்.

தராசைச் சோதிப்பதற்கு எடை தெரிந்த படிக்கல் ஒன்று வேண்டும். சண்டையில் அந்தப் படிக்கல் எங்கே? பிரித்தானிய ஆய்வாளர்கள் சிலர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் இதற்குக் கண்ட விடை மிகவும் அழகானது. 1910 முதல் 2002 வரை நடந்த ஐரோப்பியச் சாம்பியன் பட்டச் சண்டைகளை எடுத்து, அவை முடிந்த விதத்தின்படி மூன்றாகப் பிரித்தார்கள். முதலாவது, ஒருவர் விழுந்து எழ முடியாமற்போன நொக்கவுட். கீழே கிடப்பவர் கிடக்கிறார். அதில் புள்ளி நடுவருக்கு எந்த வேலையும் இல்லை. இரண்டாவது, இனித் தொடர்ந்தால் ஆபத்து என்று இடையில் நிறுத்தப்பட்ட சண்டை. அதில் மத்தியஸ்தரின் கணிப்பு ஓரளவு கலந்திருக்கிறது. மூன்றாவது, கடைசிச் சுற்றுவரை போய்ப் புள்ளியால் முடிந்த சண்டை. அது முழுவதும் மனிதக் கணிப்பு.

வீரர்களின் தரவேறுபாட்டையும் கணக்கில் எடுத்து, சமமான இருவர் மோதினால் உள்ளூர்க்காரர் வெல்லும் நிகழ்தகவு எவ்வளவு என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். நொக்கவுட்டில் 57 சதவீதம். இடைநிறுத்தத்தில் 66 சதவீதம். புள்ளித் தீர்ப்பில் 74 சதவீதம்.

இந்த மூன்று எண்களையும் மெதுவாகப் படித்துப் பார்க்க வேண்டும். 57 என்பது வீட்டுச் சோறு, சொந்தப் பாய், ஊரின் ஆரவாரம் ஆகியவை வீரருக்கே கொடுக்கும் உண்மையான பலத்தைக் காட்டுகிறது. அதில் எவரையும் குறைசொல்ல முடியாது. அந்தப் பலம் எல்லா வகை முடிவிலும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் மனிதக் கணிப்பின் பங்கு கூடக்கூட, உள்ளூர்க்காரரின் வாய்ப்பும் படிப்படியாக ஏறுகிறது. நொக்கவுட்டைப் படிக்கல்லாக வைத்தால், 57க்கும் 74க்கும் இடையிலுள்ள தூரம் தராசின் பக்கமிருந்து வருகிறது என்று ஐயப்பட நல்ல காரணம் கிடைக்கிறது. இது முற்றான நிரூபணமல்ல. நொக்கவுட்டில் முடியும் சண்டையும் கடைசிவரை போகும் சண்டையும் ஒரே வகைச் சண்டைகளல்ல. உள்ளூர் வீரர் புள்ளியால் வெல்வதற்கென்றே நிதானமாக ஆடியிருக்கவும் கூடும். ஆயினும் நடுவர் தொடாத முடிவைக் கொண்டு நடுவர் தொட்ட முடிவை அளப்பது என்ற இந்த எண்ணத்தை, இத்துறையில் நான் கற்ற எல்லாவற்றிலும் உயர்ந்ததாக மதிக்கிறேன்.

காதை மூடிக்கொண்டால் கண் மாறுமா?

பழைய முடிவுகளைப் பிரித்துப் பார்ப்பதோடு நின்றால் குழப்பும் காரணிகள் எங்கோ ஓரிடத்தில் ஒளிந்துகொண்டே இருக்கும். அவற்றை வெளியேற்ற ஒரு வழி உண்டு: யாருக்கு எந்த நிலைமை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது. இதற்கு எழுமாற்று ஒதுக்கீடு என்று பெயர்.

2012இல் வெளிவந்த தாய்லாந்துக் குத்துச்சண்டை ஆய்வொன்றில் உண்மையான சர்வதேசப் போட்டியொன்றின்போதே இதைச் செய்தார்கள். தகுதிபெற்ற 17 நடுவர்கள், 30 சண்டைகள். ஒவ்வொரு சண்டையிலும் நடுவர்களில் சிலர் வழமைபோல மண்டபத்தின் ஆரவாரத்தைக் கேட்டபடி புள்ளியிட்டார்கள். மற்றவர்கள் வெளிச்சத்தத்தைத் தடுக்கும் காதுக்கருவியை அணிந்து, சீரான இரைச்சலை மட்டும் கேட்டபடி புள்ளியிட்டார்கள். யார் எந்தப் பக்கம் என்பது குலுக்கலால் தீர்மானிக்கப்பட்டது. இரு சாராரும் பார்த்தது ஒரே சண்டை, ஒரே அடிகள். சத்தம் கேட்டோருக்கும் கேளாதோருக்கும் இடையில், ஐந்து சுற்றுச் சண்டை ஒன்றுக்கு அரைப் புள்ளிக்குச் சற்று மேலான வேறுபாடு வந்தது.

அரைப் புள்ளி சிறிதல்லவா என்று கேட்கலாம். நெருக்கமான சண்டைகள் ஒரு புள்ளியால் தீர்மானிக்கப்படுகின்றன என்பதை நினைத்தால், அது சிறிதல்ல. இந்த நடுவர்களில் எவரும் கையூட்டு வாங்கியவரல்லர். தம் ஊர் வீரரின் கை நீண்டதும் நூறு பேர் “ஆ!” என்று எழுந்தால், அந்தக் குத்துப் பட்டதோ படவில்லையோ, பட்டதாகவே கண்ணுக்குத் தோன்றிவிடுகிறது. நமது மைதானங்களில் மேடையைச் சுற்றிக் கயிறுவரை சனம் நெருங்கி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வருகிறது. கதிரைகளைச் சில யார் தூரம் பின்தள்ளுவதற்குக் காசு தேவையில்லை.

இதில் இன்னுமொரு நுட்பம் உண்டு. நடுவர்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் நீதி கூடும் என்று நம்புகிறோம். தனித்தனியே ஒவ்வொருவரும் 80 சதவீதம் சரியாகக் கணிப்பவரானால், மூவரின் பெரும்பான்மை ஏறத்தாழ 90 சதவீதமும் ஐவரின் பெரும்பான்மை 94 சதவீதமும் சரியாக இருக்கும். ஆனால் இது ஒவ்வொருவரின் பிழையும் மற்றவரின் பிழையோடு தொடர்பற்றதாக இருந்தால் மட்டுமே. ஐவரும் ஒரே ஆரவாரத்தைக் கேட்கிறார்கள் என்றால், ஐந்து தராசிலும் ஒரே வில் தளர்ந்திருக்கிறது.

சிவப்புச் சட்டை: அவசரத்துக்கு ஓர் எச்சரிக்கை

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, தைக்குவொண்டோ, இருவகை மல்யுத்தம் ஆகியவற்றில் யாருக்குச் சிவப்பு, யாருக்கு நீலம் என்பது குலுக்கலால் கொடுக்கப்பட்டது. ஆகவே சிவப்பும் நீலமும் சமமாக வெல்ல வேண்டும். 2005இல் வெளியான ஆய்வில் சிவப்பு அணிந்தவர்கள் ஏறத்தாழ 55 சதவீதம் வென்றதாகக் காட்டப்பட்டபோது உலகமே வியந்தது. 2008இல் செருமானிய ஆய்வாளர்கள் 42 தைக்குவொண்டோ நடுவர்களுக்குக் காணொளிகளைக் காட்டி, பிறகு நிறங்களைக் கணினியால் மாற்றிக் காட்டினார்கள். ஒரே ஆட்டத்துக்குச் சிவப்பில் தெரிந்தபோது 13 சதவீதம் கூடுதலான புள்ளி கிடைத்தது.

இங்கே கதை முடிந்திருந்தால் சுவையாக இருந்திருக்கும். ஆனால் பின்னர் பல போட்டிகளின் பல ஆயிரம் சண்டைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, போட்டி முடிவுகளில் சிவப்பின் நன்மை ஏறத்தாழ 50 சதவீதத்தை ஒட்டிச் சுருங்கிவிட்டது. முதல் ஆய்வாளர்கள் எவரையும் ஏமாற்றவில்லை. ஒரு போட்டியின் மாதிரி அவ்வளவுக்குத்தான் தாங்கும். முன்பு சொன்ன 780 என்ற எண்ணை இந்த இடத்தில் மீண்டும் நினைத்துக்கொள்ளலாம்.

சியோலும் ரியோவும்: எண்கள் எங்கே நிற்கின்றன?

1988 சியோல் ஒலிம்பிக் இறுதிச் சண்டையில் அமெரிக்காவின் ரோய் ஜோன்ஸ் 86 குத்துகளைப் பதித்தார் என்றும், தென்கொரியாவின் பார்க் சி-ஹுன் 32 குத்துகளைப் பதித்தார் என்றும் எண்ணப்பட்டது. தீர்ப்பு 3-2 என்று பார்க்குக்குப் போனது. தீர்ப்பு பிழை என்பதில் ஐயம் கொள்பவர் அரிது. ஆனால் பிழையென்று அறிவதும், ஏன் பிழைத்தது என்று அறிவதும் வேறு. சர்வதேச ஒலிம்பிக் குழு பின்னர் விசாரித்து, கையூட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 1997இல் முடித்துக்கொண்டது. இடையில் 1992 பார்சிலோனாவில் பொத்தான் முறை வந்தது: ஐந்து நடுவர்களில் மூவராவது ஒரு விநாடிக்குள் ஒரே வீரருக்கான பொத்தானை அழுத்தினால்தான் குத்துக்குப் புள்ளி. எண்ணிக்கை தெளிவானது, ஆனால் வேகமாகத் தொடுத்த குத்துகளும் உடலில் விழுந்த குத்துகளும் பல வேளைகளில் எண்ணப்படாமலே போயின. 2013இல் அந்த முறையும் கைவிடப்பட்டுப் பத்துப்புள்ளி முறை வந்தது.

2016 ரியோவில் மீண்டும் பெருங்குழப்பம் ஏற்பட்டு, அங்கு கடமையாற்றிய 36 மத்தியஸ்தர்களும் நடுவர்களும் அந்த ஆண்டே ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். தீர்ப்புகளைத் திட்டமிட்டு மாற்றும் ஏற்பாடு இருந்தது என்பதை 2021இல் கனடியச் சட்ட அறிஞர் ரிச்சர்ட் மக்லாரனின் விசாரணை அறிக்கை வெளிக்கொணர்ந்தது. சாட்சிகளை அழைத்து, ஆவணங்களைத் தேடி நடத்தப்பட்ட விசாரணை அது. புள்ளிவிபரம் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சுட்டிக்காட்டும். உள்ளே இருப்பவரின் மனத்தில் என்ன இருந்தது என்பதை அது ஒருபோதும் சொல்லாது.

நம்மிடம் தாள்கள் இருந்தால்

வன்னியில் 780 சண்டைகளைச் சேர்க்கப் பல வருடங்கள் பிடிக்கும். ஆனால் குறைந்த எண்ணிக்கையோடு செய்யக்கூடிய ஒரு வழி உண்டு. ஒரே மூடையை ஐந்து தராசில் வைத்து ஒப்பிடுவது போன்றது அது. ஐந்து நடுவர்களும் பார்ப்பது ஒரே சண்டை என்பதால், வீரர்களின் தரவேறுபாடு, பயணக் களைப்பு எல்லாம் ஐவருக்கும் பொதுவாகிவிடுகின்றன. எஞ்சுவது நடுவர்களுக்கிடையிலான வேறுபாடு மட்டுமே.

கற்பனையாக ஒரு நடுவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய சொந்த மாவட்டத்து வீரர் ஒருவர் வெளிமாவட்டத்தவரோடு மோதிய சண்டைகளில், மற்ற நால்வரும் ஒரு பக்கம் நிற்க அவர் மட்டும் தனித்து நின்ற தடவைகள் 20. சாய்வு இல்லையென்றால், தனித்து நின்ற தீர்ப்புகள் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக விழ வேண்டும். 16 தடவையோ அதற்கு மேலோ சொந்த மாவட்டத்துப் பக்கமே விழும் நிகழ்தகவு, நேர்மையான தளம்பல் மட்டும் இருந்தால், ஆயிரத்தில் ஆறு. அவரோடு உட்கார்ந்து பேசுவதற்கு இது போதுமான காரணம். நடுவர்கள் குறைவாகவும் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்களாகவும் இருக்கும் நமது இடங்களில் இந்தச் சோதனைக்குத் தேவை அதிகம்.

ஆனால் ஒரு பொறியில் விழக்கூடாது. இருபது நடுவர்களின் தாள்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, நூற்றில் ஐந்து என்ற எல்லையைத் தாண்டியவரைப் பிடித்துவிட்டோம் என்று அறிவித்தால், இருபது பேரும் முழு நேர்மையானவர்களாக இருந்தாலும் குறைந்தது ஒருவர் அகப்படும் நிகழ்தகவு 64 சதவீதம். வலையை இருபது தரம் வீசினால் ஏதோ ஒன்று அகப்படத்தான் செய்யும். ஆகவே முதல் வருடத் தாள்களில் ஐயம் தோன்றினால் பெயரை வெளியே விடாமல், அடுத்த வருடத்துப் புதிய தாள்களில் அதே சாய்வு மீண்டும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மனிதரின் பெயரைச் சந்தியில் கெடுப்பது எளிது, மீட்பது எளிதல்ல.

இவை எல்லாவற்றுக்கும் வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு சண்டைக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும், ஒவ்வொரு நடுவரும் எழுதிய எண். யார் எந்த மூலை, வீரர் எந்த மாவட்டம், நடுவர் எந்த மாவட்டம் என்பதும் சேர்ந்திருக்க வேண்டும். என் மாணவனின் சண்டைத் தாள்களைச் சில வாரங்கள் கழித்துக் கேட்டுப் போனேன். வெற்றி பெற்றவரின் பெயரும் “புள்ளி அடிப்படையில்” என்ற சொற்களும் கொண்ட ஒரு வரி மட்டும் பதிவில் இருந்தது. நடுவர்கள் எழுதிய தாள்கள் எங்கும் இல்லை. அந்தத் தகப்பனாரிடம் அதை அப்படியே சொன்னேன். அதன் பிறகு நான் புள்ளி மேசையில் இருக்கும் நாட்களில், அமைப்பாளர்களின் அனுமதியோடு, ஒவ்வொரு தாளையும் கூட்டுவதற்கு முன் சுற்றுச் சுற்றாக ஒரு கொப்பியில் எழுதிக்கொள்கிறேன். நடுவர்களின் பெயருக்குப் பதிலாக இலக்கம் இட்டிருக்கிறேன். இதுவரை அதில் 63 சண்டைகள் சேர்ந்திருக்கின்றன.